மருந்தேற்றிய பின் வீடு திரும்ப ஒரு வாகனம்

ஆசிரியருக்கு,

இளவயதுப் புற்றுநோயாளர் பற்றிய தங்கள் கட்டுரை, கூட நிற்பவர்களின் பாட்டையும் எழுதியது நியாயமே.

2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய பணத்தில் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. கொழும்புப் பக்கம் மகரகம புற்றுநோய் மருத்துவமனைக்குப் போவதை எண்ணினால் பெரிய உதவிதான். ஆனால் முல்லைத்தீவுக்கு அதுவும் கிட்ட இல்லை.

எங்கள் அயலில் ஒரு தாய், மருந்தேற்றிய மகனை பஸ்ஸில்தான் கூட்டி வருகிறார். மடியில் கிளினிக் கொப்பி, கையில் வாந்திக்கு ஒரு சொப்பிங் பை. வருத்தம் பார்க்க வருவோர் வளர்ந்த பிள்ளையை விட்டுவிட்டுத் தாயிடமே எல்லாம் விசாரிப்பார்கள். அவனுக்கு அதுதான் எரிச்சல்.

மருந்தேற்றிய நாட்களில் காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால் நடுச்சாமமென்றாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வன்னியின் மாவட்ட வைத்தியசாலைகளில் இரவிலும் கேட்க ஒரு தொலைபேசி இலக்கம், கிளினிக் நாட்களில் தெல்லிப்பழைக்கு ஒரு வாகனம்: இவ்விரண்டையும் மாகாண சுகாதாரத் துறையினர் ஒழுங்குசெய்யலாம்.

இப்படிக்கு,
வாசகர், முல்லைத்தீவு