பசிக்குப் பொறுப்பு சமையலறையில் இல்லை

2022ஆம் ஆண்டு இலங்கையின் பொருளாதாரம் சரிந்தபோது ஏழைகளுக்கு அறிவுரை வழங்குவோருக்கு மட்டும் பஞ்சம் ஏற்படவில்லை. சிக்கனமாகச் சமையுங்கள், பாணைக் குறையுங்கள், வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்றார்கள். அவ்வாண்டு யூன் மாதத்தில், பயிர் செய்வதற்கென்றே அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்க அமைச்சரவை அனுமதி அளித்தது. புலம்பெயர் நாடுகளின் விருந்து மண்டபங்களிலும் இதே அறிவுரை எதிரொலித்தது.

மலையகத் தோட்டத் தொழிலாளி எந்தக் காணியில் பயிர் செய்வது? காணி அரசுடையது; நீண்டகாலக் குத்தகையில் கம்பனிகளின் கையிலுள்ளது. அவர்களில் பெரும்பகுதியினருக்கு லயன் அறையின் சுவர்கூடச் சொந்தமில்லை. இருநூறு ஆண்டுகளாக அம்மண்ணைப் பொன்விளையச் செய்தவர்களிடம் கீரைப்பாத்தி போடுமாறு கூறுவது அறியாமை எனில் மன்னிக்கலாம். அறிந்தே கூறப்பட்டதெனில் அது அவமதிப்பு.

அவர்களது கணக்கைப் பார்ப்போம். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அன்று அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபா. ஆகவே ஒரு நாள் உழைப்பின் பெறுமதி ஐந்து டொலர். 2022 மே மாதத்தில் டொலர் 360 ரூபாவை எட்டியபோது அதே ஆயிரம் ரூபா மூன்று டொலருக்கும் கீழே இறங்கிற்று. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, 2022 செப்ரெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஓராண்டுக்குள் உணவின் விலை ஏறக்குறைய இரட்டித்தது, கூலி அசையவில்லை. அது 1,350 ரூபாவாக உயர்ந்தது 2024 செப்ரெம்பரில்தான்.

அந்த ஆயிரமும் முழுமையாகக் கைக்கு வரவில்லை. குறித்த கிலோ கொழுந்து நிறுக்கப்படாவிடின் அரைப்பேர். மழை பெய்து கொழுந்து குறைந்தாலும் அரைப்பேர். இதற்குமேல் சேமலாப நிதி, சங்கச் சந்தா, பண்டிகை முற்பணம் எனக் கழிவுகள் வேறு. எஞ்சியதில்தான் கோதுமை மா வாங்க வேண்டும். தோட்டத்து வீடுகளில் காலையும் மாலையும் ரொட்டிதான் உணவு. மாவின் விலை ஏறினால் குறைப்பதற்கு வேறெதுவும் இல்லை. முதலில் பருப்பு போகும், பின்னர் பிள்ளையின் பால்மா, அதன்பின் தாயின் பங்கு. சிக்கனத்தை இவர்களுக்குக் கற்பிக்கத் துணிபவர், ஒரு கிலோ மாவை ஐந்து பேருக்குப் பகிர்ந்து காட்டட்டும்!

இது முதல் தடவையும் அன்று. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் பங்கீட்டு அரிசி வெட்டப்பட்டபோது தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. உயிர் தப்பியோரில் பலர் வன்னிக்கு இடம்பெயர்ந்து காடு வெட்டிக் கழனியாக்கினர். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பின்னாளில் போரின் முழுச்சுமையையும் சுமந்தோரில் அவர்களும் அடங்குவர். இருந்தும், 'அவர்கள் தோட்டக்காட்டார்' என்னும் இழிசொல் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இன்னமும் செத்துவிடவில்லை. பிள்ளைகள் கேட்கும்படியாகவே அது பேசப்படுகிறது.

இடர்காலத்தில் உலர்உணவுப் பொதி அனுப்பிய சங்கங்கள் செய்தது நற்பணியே. ஒரு மாதப் பசி அதனால் தணிந்தது. ஆயினும் பொதிகளை அடுக்கிவைத்து நிழற்படம் எடுத்தோரில் எத்தனை பேர் கூலியைப் பற்றி வாய் திறந்தனர்? காணியுரிமையைப் பற்றி எத்தனை அறிக்கைகள் வெளிவந்தன? கொடை கொடுப்பவருக்குப் புகழ் தரும். கூலி கேட்டால் பகைதான் மிஞ்சும். மௌனத்தின் காரணம் இதுவே.

புலம்பெயர்ந்த பெற்றோர் பிள்ளைகளிடம் மறைக்காமல் கூற வேண்டிய வரலாறு இது. இளையோருக்கோ வேறொரு வாய்ப்பும் உண்டு. அவர்கள் வாழும் நாடுகளின் பல்பொருள் அங்காடிகளில் 'சிலோன் தேயிலை' விற்பனையாகிறது. அதனைப் பொதிசெய்து விற்கும் நிறுவனங்களுக்கு அந்நாட்டு மொழியிலேயே கடிதம் எழுத அவர்களால் இயலும். எத்தோட்டத்துக் கொழுந்து, ஒரு நாட்பேருக்கு எத்தனை கிலோ, அரைப்பேர் போடப்படுகிறதா என்ற மூன்று கேள்விகள் போதும். பதில் வராவிடின் அதே கேள்விகளைத் தமது தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்பலாம்.