சீனியின் அளவும் கால்களின் பலமும்

மாதாந்த நீரிழிவுக் கிளினிக்குக்குப் போய்த் திரும்பும் முதியவரிடம் வீட்டார் கேட்கும் முதற் கேள்வி, "இந்தமுறை சீனி எவ்வளவாம்?" என்பதே. இலக்கம் குறைந்திருந்தால் நிம்மதி, கூடியிருந்தால் ஏச்சு. அவர் பஸ்சில் ஏற எத்தனை பேர் கைகொடுத்தார்கள், கிணற்றடிக்குப் போய்வர எவ்வளவு நேரம் எடுக்கிறது, கதிரையிலிருந்து எழும்போது எதைப் பிடிக்கிறார் என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் முதுமையில் ஒருவர் பிறர் கையை எதிர்பாராது வாழ்வது பெரும்பாலும் இந்த விடயங்களிலேயே தங்கியுள்ளது.

நீரிழிவு கண்ணையும் சிறுநீரகத்தையும் தாக்கும் என்பதை இன்று பலர் அறிவர். அது தசைகளையும் தாக்கும் என்பதை அறிந்தோர் குறைவு. குளுக்கோசை உள்வாங்கிப் பயன்படுத்தும் முக்கிய இடங்களுள் ஒன்று எமது தசைகளாகும். நீரிழிவுள்ள முதியோர் ஏனைய முதியோரைவிட விரைவாகக் காலின் பலத்தை இழக்கின்றனர். நரம்புகள் பழுதடையும்போது பாதம் மரத்துப்போய், தரை சரியாக உணரப்படாது தடுமாற்றம் ஏற்படுகிறது. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் நடை குறைகிறது, நடை குறையத் தசை மேலும் தேய்கிறது, தசை தேயச் சீனி மேலும் கட்டுக்கடங்காமற் போகிறது.

இந்தச் சுழலை உடைக்க முடியுமா? 2001ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'லுக் அஹெட்' என்னும் பெரிய ஆய்வொன்று தொடங்கப்பட்டது. நீரிழிவும் அதிக உடற்பருமனும் கொண்ட, 45 முதல் 76 வயது வரையான 5,145 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு உணவுக் கட்டுப்பாடும், வாரத்துக்கு 175 நிமிட உடற்பயிற்சியும் இலக்காகக் கொடுக்கப்பட்டன. மற்றப் பிரிவினருக்குப் பொதுவான நீரிழிவு அறிவூட்டல் மட்டுமே கிடைத்தது. மாரடைப்பும் பாரிசவாதமும் குறையுமா என்று பார்ப்பதே முதன்மை நோக்கம். அந்த நோக்கம் நிறைவேறவில்லை. இரு பிரிவுகளுக்குமிடையே அவ்விடயத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியாததால் 2012இல் பயிற்சித் திட்டம் நிறுத்தப்பட்டது.

இதைக் கேட்டுப் "பத்தியமும் நடையும் வீண்" என்று சிலர் முடிவு செய்தனர். அது அவசர முடிவு. அதே 2012இல் வெளியான மற்றொரு பகுப்பாய்வு அவர்களின் நடமாட்டத்தை நோக்கியது. 4 ஆண்டுகளின் பின், அறிவூட்டல் மட்டும் பெற்றோரில் 26.2 வீதமானோர் நடமாட்டம் கடுமையாகக் குன்றியிருந்தனர். பயிற்சி பெற்றோரில் அது 20.6 வீதம். நல்ல நடமாட்டத்துடன் இருந்தோர் முறையே 31.9 வீதமும் 38.5 வீதமும் ஆவர். இருதயத்துக்கு எதிர்பார்த்தது கிட்டாவிடினும் கால்களுக்குப் பயன் கிட்டியது. தானே எழுந்து மலசலகூடத்துக்குப் போகக்கூடிய முதியவருக்கு இது சிறிய விடயமல்ல.

எம் போன்ற தொண்டு நிறுவனத்தார் இங்கு கவனிக்கவேண்டியது வேறொன்றும் உண்டு. அறிவூட்டல் பெற்ற பிரிவினருக்கு ஆண்டுக்கு 3 கூட்டங்கள் நடத்தப்பட்டன. பயிற்சிப் பிரிவினரையோ முதல் 6 மாதமும் வாரந்தோறும் சந்தித்தனர். நாம் கிராமங்களில் செய்வது இவற்றுள் எது? ஒரு கருத்தரங்கு, ஒரு துண்டுப்பிரசுரம், தேநீருடன் நன்றியுரை. அதன்பின் அந்த முதியவர் நடக்கிறாரா என்று போய்ப் பார்ப்பவர் எவருமில்லை. இக்குற்றத்திலிருந்து என்னையும் நான் விலக்கிக்கொள்ளவில்லை. அறிவுரை ஒரு நாளில் முடிந்துவிடும். கூட நடக்க ஆள் நாள்தோறும் வேண்டும்.

வீடுகளிலும் ஒரு தவறு நடக்கிறது. "ஆச்சி, நீங்கள் பேசாமல் இருங்கோ, நாங்கள் பாக்கிறம்" என்கிறோம். அன்பினாலும் மரியாதையினாலும் சொல்லப்படும் சொல்தான். ஆனால் முற்றம் கூட்டுவதையும், கோழிக்குத் தீன் வைப்பதையும், பூங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதையும் பறித்துவிட்டு, தொலைக்காட்சியின் முன் இருத்தி வைப்பது அவரது கால்களைப் பறிப்பதற்குச் சமம்.

அமெரிக்காவில் செய்ததை அப்படியே இங்கு கொண்டுவரவும் கூடாது. அங்கு பங்குபற்றியோர் உடல் பருத்தவர்கள். எமது முதியோரில் பலர் மெலிந்தவர்கள். அவர்களைப் பட்டினி போட்டு மேலும் மெலிய வைத்தால் தசையும் எலும்புமே தேயும். சோற்றின் அளவைக் குறைக்கும் வீடுகள் அதற்கு ஈடாகப் பயறு, கடலை, முட்டை, சிறுமீன், முருங்கையிலை ஆகியவற்றைத் தட்டில் சேர்க்கவேண்டும். சிறுநீரகப் பாதிப்புள்ளோர் வைத்தியரைக் கேட்டே இதைச் செய்யவேண்டும். சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியை எவ்வளவும் கடிக்கலாம் என்ற நம்பிக்கையும் தவறானது. அதுவும் இனிப்பே.

காலின் பலத்தை அறியப் பெரிய கருவிகள் தேவையில்லை. உறுதியான கதிரையொன்றைச் சுவரோடு வைத்து, கைகளை நெஞ்சில் கட்டியபடி 5 தரம் எழுந்து இருக்கச் சொல்லுங்கள். ஒருவர் அருகில் நிற்கட்டும். 15 விநாடிகளுக்கு மேல் எடுத்தால் கால்கள் பலவீனமடைகின்றன என எண்ண இடமுண்டு. அந்த எழுந்து இருத்தலே பயிற்சியாகவும் அமையும். வாரத்தில் 5 நாள், தாங்கக்கூடிய அளவில் நடை. 10 நிமிடத்தில் தொடங்கினாலும் போதும். வெறுங்காலுடன் வேண்டாம். ஒவ்வொரு மாலையும் வீட்டிலுள்ள ஒருவர் பாதங்களைப் பார்க்கட்டும். இன்சுலின் போடுவோரும் சில வகைக் குளிசை எடுப்போரும் வெறுவயிற்றில் நடக்கக்கூடாது. வியர்வை, நடுக்கம் வந்தால் உடனே உண்ண இனிப்புக் கையிலிருக்க வேண்டும். நெஞ்சுநோவோ காலில் புண்ணோ உள்ளவர் முதலில் வைத்தியரிடம் கேட்கட்டும்.

மாதர் சங்கத்துக்கும் சனசமூக நிலையத்துக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கருத்தரங்குக்கு ஒதுக்கிய பணத்தில், ஒழுங்கையின் குழிகளை நிரப்பி, மரநிழலில் இரண்டு வாங்குகளைப் போடுங்கள். மாலையில் 5 முதியவர்கள் சேர்ந்து நடக்க, இளைஞர் ஒருவர் கூடப் போகட்டும். வராதவரை அவர் மறுநாள் வீடு தேடிப் போய் விசாரிக்கட்டும். அடுத்த மாதம் கிளினிக்கிலிருந்து வருபவரிடம் சீனியின் அளவைக் கேட்போம். அத்தோடு, "இண்டைக்கு எவ்வளவு தூரம் நடந்தீங்கள்?" என்றும் கேட்போம்.