வெள்ளைச் சட்டையும் வெட்கங்கெட்ட நாமும்



துணி துவைப்பதைப் பற்றியெல்லாம் ஒரு தமிழாசிரியன் எழுதுவதா என்று சிலர் நகைக்கக்கூடும். நகையுங்கள்; ஆனால், படித்து முடித்த பிறகு நகையுங்கள்.

சில வாரங்களுக்கு முன்பு திங்கட்கிழமைச் சபைகூடலில், நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் இளஞ்சிவப்பு படர்ந்த சட்டையோடு வந்து நின்றான். வெள்ளையாக இருக்க வேண்டிய சீருடை. சிவப்பு இல்ல விளையாட்டுச் சட்டையோடு சேர்த்துச் சலவை இயந்திரத்தில் போட்டதன் விளைவு என்பது பார்த்த மாத்திரத்திலேயே விளங்கியது. அவனை வரிசையின் கடைசியில் போய் நிற்கச் சொன்னேன். ஆம், நான்தான் சொன்னேன். அவன் நடந்து போகும்போது எவனோ ஒருவன், "டேய் வண்ணான்!" என்றான். வரிசை முழுவதும் சிரித்தது. நான் காதில் விழாதவன்போல் இருந்துவிட்டேன்.

பிறகு விசாரித்தபோதுதான் தெரிந்தது. தாயாருக்குப் பிறையில் உள்ள தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை. ஞாயிற்றுக்கிழமை அம்மா உறங்கட்டும் என்று தன் சட்டையையும் அக்காவின் சட்டையையும் அவனே துவைத்திருக்கிறான். பத்து வயதுப் பிள்ளை! பாராட்டப்பட வேண்டியவனை நான் பின்வரிசைக்கு அனுப்பினேன். அவனுடைய நண்பர்கள் ஒரு தொழிலின் பெயரைச் சொல்லி ஏசினார்கள்.

அன்றிலிருந்து என்னை உறுத்திக்கொண்டிருக்கும் கேள்வி இது: வண்ணத்தையும் வெள்ளையையும் பிரித்துத் துவைக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தோம்? பள்ளியில் நாம் சொல்லவில்லை. வீட்டிலே, "நீ ஆம்பளப் பிள்ளை, உனக்கெதற்கு?" என்றிருப்போம். சொல்லிக் கொடுக்காத பாடத்தில் பிள்ளையைத் தேர்வு வைத்துத் தோற்கடிக்கும் நாம் எப்படிப்பட்ட ஆசிரியர்கள், எப்படிப்பட்ட பெற்றோர்கள்?

நிற்க. அந்த வசைச்சொல்லுக்கு வருகிறேன்.

கெப்பாலா பத்தாஸிலிருந்து பட்டர்வொர்த் சென்று பெர்ரி ஏறித் தீவுக்குப் போனால், 'டோபி காட்' என்றோர் இடம் உண்டு. அதை நம்மவர்கள் வண்ணான் துறை என்றே அழைத்தார்கள். தமிழகத்திலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் ஆற்றோரம் குடியேறி, இந்நகரத்தின் அழுக்கையெல்லாம் வெளுத்துக் கொடுத்த இடம். 'டோபி' என்ற சொல் மலாய்மொழியிலும் குடியேறிவிட்டது. இன்று எந்தக் கடைத்தெருவுக்குப் போனாலும் 'டோபி' என்ற பெயர்ப்பலகையோடு ஒரு தற்சேவைச் சலவையகம் இருக்கிறது. மலாய்க்காரர் அச்சொல்லைக் கூச்சமின்றிக் கடைவாசலில் மாட்டுகிறார். நாமோ நம் சொல்லைப் பிள்ளையின் முகத்தில் எறிகிறோம். சென்னையில் வண்ணாரப்பேட்டை இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏற்றுமதித் துணிகளை வெளுத்தவர்கள் வாழ்ந்ததால் வந்த பெயர். அங்கே 'ஆர்' விகுதி, இங்கே 'ஆன்' விகுதி. விகுதி நடத்தும் ஆசிரியர்களே, இந்த எடுத்துக்காட்டை ஒருநாள் வகுப்பில் சொல்லிப் பாருங்களேன்!

அவர்களுக்குத் தெரிந்திருந்தது சாதாரண அறிவா? துணியை உவர்மண் கரைசலில் நனைத்து, அடுக்கி, இரவெல்லாம் ஆவியில் வேகவைக்கும் வெள்ளாவி முறை ஒரு வேதியியல். உவர்மண் என்பது காரம். அது எண்ணெய்ப் பிசுக்கை இளக்கும். சேங்கொட்டைச் சாற்றால் ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஒவ்வொரு குறியிட்டு, பற்பல வீட்டு மூட்டைகளை ஒன்றாகத் துவைத்தாலும் மாறாமல் பிரித்துக் கொடுத்த நினைவாற்றல் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? குறுந்தொகையிலும் நற்றிணையிலும் துணிக்குக் கஞ்சிப் பசையிட்டுத் துவைக்கும் பெண் வருகிறாள். அறுபத்து மூவரில் ஒருவரான திருக்குறிப்புத் தொண்டர் காஞ்சிபுரத்துச் சலவைத் தொழிலாளி. இவற்றையெல்லாம் மேடையில் பெருமையாகப் பேசுவோம். மேடையை விட்டு இறங்கியதும், "வெளுத்து வாங்கிவிடுவேன்", "துவைத்துக் காயப்போட்டுவிடுவேன்" என்று பிள்ளைகளை மிரட்டுவோம். சலவையிலிருந்து நம் பேச்சுக்கு வந்து சேர்ந்ததெல்லாம் அடியும் உதையும்தானா?

அத்தொழிலாளரை இழிவாக எண்ணினோம். அவர்களிடமிருந்த அறிவும் வேண்டாம் என்றோம். விளைவு, இன்று நம் வீட்டுக் கூடையிலேயே தெரிகிறது. எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு, ஒரே இயந்திரத்தில் திணித்து, தூளை அள்ளிக் கொட்டி, "மெஷின் பார்த்துக்கொள்ளும்" என்கிறோம். மெஷின் எதைப் பார்க்கும்? அதற்குக் கண்ணா இருக்கிறது?

வெள்ளை வேறு, கருநீலக் கால்சட்டையும் பினாஃபோரும் வேறு, துவாலை வேறு. துவாலையோடு போட்டால் கருநீலத்தில் பஞ்சு ஒட்டும். புதிய பாத்தேக்கும் சிவப்பு விளையாட்டுச் சட்டையும் முதல் சில முறை தனியாகவே நனைய வேண்டும். இயந்திரத்தை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பினால் துணி புரளாது. புரளாவிட்டால் அழுக்கு போகாது. தூளைக் கூட்டிப் போட்டாலும் பயனில்லை. அலசலில் போகாமல் தங்கும் சவர்க்காரமே துணியை மொரமொரப்பாக்கி அடுத்த அழுக்கைப் பிடித்து வைக்கிறது. காலர் அழுக்கைக் கட்டிச் சவர்க்காரத்தால் முன்கூட்டியே தேய்த்துவிட்டால் போதும். இரத்தக் கறைக்குக் குளிர்ந்த நீர்தான். வெந்நீர் பட்டால் கறை இறுகிவிடும்.

குழம்புக் கறையைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன், அது எனக்கு மிகவும் பிடித்த கறை! மஞ்சள் பட்ட இடத்தில் சவர்க்காரம் தேய்த்தால் சிவந்துபோகும். பதறி வெளுப்பு நீர்மத்தைத் தேடி ஓடாதீர்கள். மஞ்சள் காரத்தில் சிவக்கும், நன்றாக அலசினால் மீண்டும் மஞ்சளாகும். எஞ்சிய மஞ்சளை வெயில் மெல்ல மெல்ல அழித்துவிடும். அறிவியல் பாடத்தில் அமிலமும் காரமும் நடத்தும்போது லிட்மஸ் தாளைத் தேடுகிறோம். மாணவனின் சட்டைப்பையிலேயே லிட்மஸ் இருக்கிறது.

அந்த வெளுப்பு நீர்மத்தின்மேல் நம்மவர்களுக்கு இருக்கும் பக்தி தனி. வெண்மை வேண்டும் என்று ஊற்றுகிறோம். பழைய இரும்புக்குழாய்த் தண்ணீரில் துரு கலந்திருந்தால், அதே நீர்மம் துருவைத் துணியில் படியவைத்துச் சட்டையைப் பழுப்பாக்கும். பட்டும் கம்பளியும் புரத இழைகள். அவற்றை அது அரித்தே விடும். பொங்கலுக்கு உடுத்திய பட்டுப் பாவாடையை இப்படிக் கொன்ற வீடுகள் எனக்குத் தெரியும். எந்தக் காரணம் கொண்டும் அதைப் புளிக்காடியோடோ அம்மோனியா உள்ள துப்புரவு நீர்மத்தோடோ கலக்காதீர்கள், நச்சுவாயு எழும். இதைக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லாத பள்ளி என்ன பள்ளி?

சட்டையின் உட்புறத்தில் ஒரு சிறு சீட்டு தைத்திருப்பார்கள். தொட்டி வடிவம் துவைப்பதற்கு, முக்கோணம் வெளுப்பதற்கு, சதுரம் உலர்த்துவதற்கு, வட்டம் உலர்சலவைக்கு. பெருக்கல் குறி போட்டிருந்தால் கூடாது என்று பொருள். சில குறிகள்தான்! உயிரெழுத்துப் பன்னிரண்டைப் படிக்கும் பிள்ளைக்கு இது பாரமா?

"நேரமில்லை, தேர்வு இருக்கிறது" என்ற பழைய சாக்கும் இனிச் செல்லாது. யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் ஒழிக்கப்பட்டது. அதே ஆண்டில் வெள்ளைக் காலணியும் போய்க் கருப்புக் காலணி கட்டாயமாயிற்று. ஞாயிறு மாலைகளில் காலணிக்கு வெள்ளை பூசிய தலைமுறைக்குத்தான் தெரியும், அது எவ்வளவு பெரிய விடுதலை என்று! அந்த நேரத்தில் ஒரு கால்மணியைக் கேட்கிறேன், அவ்வளவே.

பெண்பிள்ளைகளுக்கு மட்டும் கற்பித்தால் போதும் என்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். டோபி காட்டில் கல்லில் அடித்துத் துவைத்தவர்களில் ஆண்கள் இல்லையா? காசுக்குத் துவைத்தால் ஆண் செய்யலாம், வீட்டுக்குத் துவைத்தால் பெண்தான் செய்ய வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

அந்த மாணவனிடமும் அவன் வகுப்பிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். சட்டையை மறுபடியும் சவர்க்கார நீரில் ஊறவைத்து அலசினால் சாயம் ஓரளவு போகும், அதுவரையில் உலர்த்தும் பொறியின் சூட்டில் போட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை நன்னெறிப் பாட வேளையில் நான்காம் ஆண்டு வகுப்புக்கு மூன்று வாளிகள் வருகின்றன: ஒன்று வெள்ளைக்கு, ஒன்று வண்ணத்துக்கு, ஒன்று அலசுவதற்கு. பெற்றோர்களே, பிள்ளைகளிடம் ஆளுக்கு இரண்டு அழுக்குத் துணி கொடுத்தனுப்புங்கள். பட்டு மட்டும் வேண்டாம்.