பட்டியலைக் கிழியுங்கள், பிள்ளையை இறக்கிவிடுங்கள்

பெற்றோரே, கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். காலாண்டு லீவோ அரையாண்டு லீவோ வந்துவிட்டால், "பசங்களுக்காகத்தான் போறோம்" என்று சொல்லிக்கொண்டு வால்பாறைக்கு வண்டியைக் கிளப்புகிறோம். கையில் இருப்பது இரண்டே நாள். அதற்குள் ஆழியாறு அணை, குரங்கு அருவி, லோம்ஸ் வியூ, பாலாஜி கோயில், கூழாங்கல் ஆறு, சோலையாறு அணை, நல்லமுடி பூஞ்சோலை என எல்லாம் முடிக்க வேண்டும். நேரம் மிச்சமிருந்தால் மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளியையும் விடுவதில்லை. இத்தனைக்கும் நடுவில் பிள்ளை எங்கே இருக்கிறது? பின்சீட்டில், கையில் செல்போனோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். வண்டி வளைவதைக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உணர்கிறது. திரையில் பதிந்த கண்ணோ எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் பிறக்கிறது. கண்ணைத் தூரத்து மலையில் வைத்தால் பலருக்கும் அது மட்டுப்படும். "தொல்லை பண்ணாம வரட்டும்" என்று போனைக் கொடுத்தது நாம். வாந்தி எடுத்ததும் "கண்டதைத் தின்னாதேன்னு சொன்னேனே" என்று திட்டுவதும் நாம். இது என்ன நியாயம்?

9வது வளைவில்தான் லோம்ஸ் வியூ. எல்லா வண்டியும் நிற்கும். "இங்க நில்லு, சிரி, தம்பி தோள்ல கை போடு" என்று வரிசையாகப் படங்கள். பல நாட்களில், அதே சாலையோரப் பாறைச் சரிவில் வரையாடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். பாறையின் நிறத்திலேயே இருப்பதால் சட்டென்று கண்ணில் படாது. ஐந்து நிமிடம் வாய்மூடி நின்றால் ஒரு காது அசையும், பிறகு ஒரு கொம்பு தெரியும், அப்புறம் குட்டியோடு ஒரு கூட்டமே தெரியும். நம் மாநில விலங்கு அது. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுக்க 1,031தான் இருந்தன. ஒரு மார்க் கேள்விக்காக அதன் பெயரை மனப்பாடம் செய்யவைத்த நாம், அது நேரில் நிற்கும்போது "ஏறு, ஏறு, லேட்டாச்சு" என்று பிள்ளையை வண்டிக்குள் தள்ளுகிறோம்.

வால்பாறைக்கு அருகே, புதுத்தோட்டம் பக்கம் நாம் செய்வது இதைவிட மோசம். அங்கே சாலையோரம் வருபவை சிங்கவால் குரங்குகள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெந்தக் காட்டிலும் இவை கிடையாது. மரத்துக்கு மரம் தாவியே வாழவேண்டியவை, காடு துண்டு துண்டாகிப்போனதால் தரையில் இறங்கிச் சாலையைக் கடக்கின்றன. வண்டியில் அடிபட்டுச் சாகக் கூடாதே என்று தீயணைப்புக் குழாய்த் துணியால் சாலைக்கு மேலே பாலம் கட்டிவைத்திருக்கிறார்கள். தலையை நிமிர்த்திப் பார்த்தால் பிள்ளைக்கே தெரியும். நாமோ கண்ணாடியை இறக்கி சிப்ஸ் நீட்டுகிறோம். வண்டி நின்றால் தீனி கிடைக்கும் என்று பழகிய குரங்கு, நிற்காத வண்டிக்கும் ஓடிவருகிறது. பிள்ளையின் கையாலேயே தீனி கொடுக்கவைத்து வீடியோ எடுப்பதை ஜீவகாருண்யம் என்று சொல்லாதீர்கள்.

தேயிலைக்குள் இறங்கிப் படம் எடுப்பதையும் நிறுத்துங்கள். அது ஒருவர் பிழைப்பு நடக்கும் இடம். மருந்து அடித்த செடியாக இருக்கலாம், புதருக்குள் சிறுத்தை படுத்திருக்கலாம். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருந்த குழந்தைகளைச் சிறுத்தை தூக்கிய கொடுமை அந்த ஊரில் நடந்திருக்கிறது. இருட்டிய பிறகு பிள்ளையைத் தனியே வெளியே விடாதீர்கள். பகலில், சாலையோரம் நின்று, கொழுந்து பறிக்கும் அக்காவிடம் "இதில் எந்த இலையைப் பறிப்பீர்கள்?" என்று பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள். தினமும் வீட்டில் குடிக்கும் டீ யார் கையிலிருந்து வருகிறது என்பதை எந்த வியூ பாயின்ட்டும் சொல்லித்தராது.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்கிறீர்களா? ஒரு நாளைக்கு ஓர் இடம். அங்கே இரண்டு மூன்று மணி நேரம். பாட்டுப் போடாமல், போனை எடுக்காமல். முதல் அரை மணி பிள்ளை "போர் அடிக்குது" என்று சிணுங்கும். சிணுங்கட்டும், பயந்துவிடாதீர்கள். அப்புறம்தான் அது கேள்வி கேட்க ஆரம்பிக்கும்.

நேரம் கூடிவந்தால் தலைக்கு மேலே இருவாச்சி பறக்கும். அதன் இறக்கைச் சத்தம் பறவைக்கு முன்னால் வந்து சேரும். முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய், தன் எச்சத்தாலேயே வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு கீற்று இடைவெளிதான் மிஞ்சும். அதன் வழியாக ஆண் பறவை வாரக்கணக்கில் பழம் கொண்டுவந்து ஊட்டும். இதை அங்கே வைத்துச் சொல்லிப்பாருங்கள், பத்து வயதுப் பிள்ளை அண்ணாந்த தலையை இறக்காது. சாயங்காலம் ஊருக்குள் சிவப்பு விளக்கு எரிந்தால் அது என்ன என்று கேட்கும். பக்கத்தில் யானை நிற்கிறது, பார்த்துப் போங்கள் என்று ஊரார் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் ஏற்பாடு அது. யானையும் மனிதரும் ஒரே இடத்தில் வாழ இத்தனை மெனக்கெட வேண்டியிருக்கிறது என்று அந்த விளக்கைக் காட்டியே விளக்கலாம்.

பணம் செலவழிக்கிறோம், எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டாமா என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. ஏழு இடத்தில் இறங்கி ஏறிய பிள்ளை எதையும் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. அந்தச் செலவுதான் வீண்.

அடுத்த லீவுக்கு வழக்கம்போலப் பட்டியல் போடுங்கள். போட்டுவிட்டுப் பேனாவைப் பிள்ளையிடம் கொடுத்து, "இரண்டை வைத்துக்கொண்டு மீதியை அடி" என்று சொல்லுங்கள். அது அடித்ததைத் திருத்தாதீர்கள்.