மெரினாவில் ஆகாயக் காட்சி

2024 அக்டோபர் 6-ந் தேதி, நமது விமானப் படையின் 92-வது ஆண்டை முன்னிட்டுச் சென்னைக் கடற்கரையில் நடந்த சாகஸங்களைக் கண்டு பூரிக்காதார் இல்லை. ரபேலும் சுகோயும், நம் தேசத்திலேயே உருவான தேஜஸும் இடியென முழங்கிப் பாய்ந்தன. சூரியகிரண் கோஷ்டியார் சிறகோடு சிறகு உரசுமோ என்று அஞ்சும்படி அணிவகுத்தனர். கிழட்டு டகோடாவும் வந்தது. நமக்கென்னவோ அதனிடமே அபிமானம் அதிகம்.

காட்சி 11 மணிக்கு ஆரம்பம். ஜனங்களோ காலையிலேயே மணலில் வந்து காத்திருந்தார்கள். 15 லட்சம் பேர் என்று மதிப்பிடப்பட்டது. நிழல் இல்லை, குடிநீருக்குத் தவித்தார்கள். பகல் 1 மணிக்கு அத்தனை பேரும் ஒருங்கே வீடு திரும்பப் புறப்பட, சாலைகளும் ரயில் நிலையங்களும் திணறின. ஐந்து பேர் மாண்டனர்.

வெயிலே காரணம் என்று சர்க்கார் தரப்பில் சமாதானம் கூறப்பட்டது. சென்னையில் நடுப்பகலில் வெயில் காயும் என்பது ஜோசியரைக் கேட்டறிய வேண்டிய ரகசியமா? வானத்தில் விநாடி பிசகாமல் விமானங்களை நடத்தத் தெரிந்த தேசத்தில், தரையில் நிற்பவனுக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொடுக்க ஆளில்லையா?

இனி இத்தகைய காட்சிகளை மாலை வேளையில், பல இடங்களிலிருந்து காணும்படி அமைக்க வேண்டும். கலையும் கூட்டத்துக்குப் போதிய ரயில்களும், ஆம்புலன்ஸ் வண்டி செல்லத் தனி வழியும் முன்கூட்டியே ஏற்பாடாக வேண்டும்.