விஷமம் உண்டோ என்று கேட்டால்?

"விஷமம் உண்டோ?" என்று மலையாள டாக்டர் ஒருவர் பரிவுடன் கேட்பதாக வைத்துக்கொள்வோம். மனதில் துயரம் இருக்கிறதா என்பது அதன் பொருள். ஊரிலிருந்து புதிதாக வந்த நம் தமிழ்ப் பெண்ணுக்கோ விஷமம் என்றால் குறும்பு. "இல்லை" என்று தலையாட்டிவிட்டு எழுந்து வந்துவிடுவாள். துயரமும் அவளுடனேயே வீடு திரும்பும்.

"இங்குள்ள தமிழர்களுக்கு மலையாளம் தெரியுமே, பிறகென்ன?" என்பார் பலர். சாலைக் கடைத்தெருவில் அரிசி வாங்கவும், ரயிலடியில் டிக்கெட் கேட்கவும் அந்த மலையாளம் போதும். ஜுரம் என்றால் தெர்மாமீட்டர் சொல்லிவிடும். எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே காட்டிவிடும். மனநோய்க்கு அப்படியொரு கருவி இல்லை. நோயாளியின் பேச்சே சோதனை. பேச்சே பாதி மருந்து. "நெஞ்சை அடைக்கிறது", "வயிறு எரிகிறது" என்று நம் பெண்கள் மனக்குமுறலை உடம்பின் மேல் ஏற்றிச் சொல்வதுண்டு. அதன் உட்பொருள் அறியாதவர் வயிற்றுக்கு மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார்.

மொழிபெயர்க்க உடன் வருபவர் யார்? கணவர், அல்லது மலையாளப் பள்ளியில் படிக்கும் மகள். கணவரின் குடியையும் மாமியாரின் சுடுசொல்லையும் அவர்களை வைத்துக்கொண்டு எந்தப் பெண் சொல்வாள்?

இது சலுகை கேட்பதல்ல. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-ன்படி தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். பதிலும் தமிழில் வர வேண்டும். மனுவுக்குத் தமிழ் உண்டு, மனதுக்கு இல்லையா? 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், கலாசாரத்தை முன்னிட்டுச் சிகிச்சையில் பாகுபாடு கூடாது என்கிறது. சம்மதம் பெறுமுன் நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்றும் கூறுகிறது.

1870-ல் தோன்றிய ஊளம்பாறை மனநல மையத்திலும், மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும், தமிழறிந்த பெண் ஆலோசகர் வாரத்தில் இன்ன நாளில் இருப்பார் என்று தமிழிலேயே பலகை வைக்கும் நிலை வர வேண்டும். குமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியுடன் இருந்த பகுதி. இரு மொழியும் அறிந்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை.

நம்மவர்க்கும் ஒரு வார்த்தை. "ஊளம்பாறைக்குப் போனவள்" என்று ஏசுவதை நிறுத்துவோம். மனைவி டாக்டரிடம் பேசும்போது கணவர் சற்று வெளியே அமரட்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம். அதன் 20 மொழிகளில் தமிழும் ஒன்று. ஆனாலும் முகம் பார்த்துப் பேசுவதற்கு டெலிபோன் ஈடாகாது. சுகாதாரத் துறையினர் ஆவன செய்வார்களாக.