கடை முதல் வேறு, மனைப் பணம் வேறு

நமது வணிகக் குடும்பங்களில் இப்போது ஒரு பேச்சு அடிக்கடி எழுகிறது. படிப்பை முடித்துவிட்டுக் கல்லாவில் வந்து உட்காரும் பிள்ளைகள், ஓராண்டு ஆவதற்குள், "மளிகையில் என்ன மிஞ்சுகிறது? நாலு மனை வாங்கிப் போட்டால் போதுமே" என்கிறார்கள். பேரங்காடிகளும், செல்போனில் ஆர்டர் எடுத்து வீட்டு வாசலில் இறக்கும் கம்பெனிகளும் நம் வாடிக்கையைப் பங்கு போடும் இந்த நாளில் பிள்ளைகள் இப்படிக் கேட்பதில் தவறில்லை. இளைஞர்கள் நிலத்தில் பணம் போடப் பழக வேண்டும் என்பதே நமது கருத்தும். ஆயுள் முழுவதும் வாடகைக் கடையில் வியாபாரம் செய்து, கட்டிடக்காரர் காலி செய்யச் சொன்ன அன்று வாடிக்கையையும் சேர்த்து இழந்து நிற்கும் பெரியவர்களை நாம் எல்லா ஊரிலும் பார்க்கிறோம்.

ஆனால் எந்தப் பணத்தில் வாங்குவது, எதைப் பார்த்து வாங்குவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் இறங்குகிறார்களே, அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

முதலில் கணக்கு

கடையில் சுழலும் 5 லட்சம் ரூபாயை எடுத்துக்கொள்வோம். மாதம் ஒரு சுற்று வந்து, செலவெல்லாம் போக நூற்றுக்கு 4 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் மாதம் 20,000 ரூபாய்; ஆண்டுக்கு 2,40,000 ரூபாய். அதே 5 லட்சத்தை எடுத்து மனையில் போட்டு, ஆறு ஆண்டில் அது இரட்டிப்பாகிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். லாபம் 5 லட்சம். அந்த ஆறு ஆண்டில் கடை தந்திருக்கக்கூடியது 14,40,000. வீட்டுச் செலவும் பிள்ளைகள் படிப்பும் அந்தப் பணத்தில்தான் நடந்திருக்கும்.

பத்திரச் செலவையும் மறக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் 1 முதல் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 10 லட்சம் ரூபாய் மனைக்கு 90,000 ரூபாய் அன்றே போய்விடுகிறது. தரகும் எழுத்துக்கூலியும் தனி. விலை பத்தில் ஒரு பங்கு ஏறினால்தான் போட்ட பணமே திரும்பும்.

கடை முதலை எடுத்தால் நடப்பது நமக்குத் தெரிந்த கதைதான். ரொக்கத்துக்கு வாங்கியவர் கடனுக்கு வாங்க ஆரம்பிப்பார். ரொக்கக் கழிவு போகும். தீபாவளி, பொங்கல் கொள்முதலுக்குக் கை கடிக்கும். பருப்பு இருந்தால் எண்ணெய் இருக்காது, எண்ணெய் இருந்தால் சர்க்கரை இருக்காது. இரண்டு முறை 'இல்லை' என்று கேட்ட வாடிக்கையாளர் மூன்றாம் முறை எதிர்க்கடைக்குப் போய்விடுவார். மனை விலை ஏறிக்கொண்டிருக்கும்; கடை இறங்கிக்கொண்டிருக்கும். அவசரத்துக்கு ஒரு மூட்டை சரக்கை விற்பதுபோல மனையில் ஒரு மூலையை வெட்டி விற்கவும் முடியாது.

ஆகவே நமது முடிவு இதுதான். கடைக்கு வேண்டிய முதலும், பண்டிகைக் கொள்முதலுக்கான கையிருப்பும் போக மிஞ்சுவது மட்டுமே மனைப் பணம். வட்டிக்கு வாங்கி மனை போடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பிள்ளைக்குச் சம்பளம் போடுங்கள்

இங்கே பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. நம் கடைகளில் மகனோ மகளோ காலை முதல் இரவு வரை உழைப்பார்கள். சம்பளம் என்று ஒன்று கிடையாது. வேண்டியபோது கல்லாவில் எடுத்துக்கொள்வார்கள். தன் பணம் என்று ஒன்று இல்லாத பிள்ளை கடைப் பணத்தில்தானே கை வைக்கும்? மாதம் ஒரு தொகையைச் சம்பளமாகக் கணக்கில் எழுதி, வங்கி மூலம் கொடுங்கள். அதில் மாதம் 10,000 ரூபாயைத் தொடர் வைப்பில் கட்டினால் மூன்று ஆண்டில் 3,60,000 ரூபாயும் வட்டியும் சேரும். சிறிய ஊரில் முதல் மனைக்கு அது நல்ல ஆரம்பம். தான் சேர்த்த பணம் என்றால் தரகர் பேச்சுக்கு எளிதில் மயங்கவும் மாட்டார்கள்.

அந்த மூன்று ஆண்டும் வீண் போகக் கூடாது. சரக்கைக் கையில் எடுத்து முகர்ந்து தரம் சொல்லக் கற்றதுபோல, பத்திரத்தைப் படித்துத் தரம் சொல்லக் கற்க வேண்டும்.

எதைப் பார்க்க வேண்டும்?

மூலப் பத்திரத்திலிருந்து இன்றுவரை யார் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பது சங்கிலிபோல் அறாமல் வர வேண்டும். வில்லங்கச் சான்றைக் குறைந்தது 30 ஆண்டுக்குப் பார்க்க வேண்டும். பதிவுத்துறை இணையதளத்திலேயே அதைப் பார்க்கலாம். ஆனால் பதிவு செய்யாத உயிலும், நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கும் வில்லங்கச் சான்றில் தெரியாமல் போகலாம். பட்டா யார் பெயரில் இருக்கிறது, சர்வே எண்ணும் பரப்பும் பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். பட்டா மட்டுமே உரிமை ஆகிவிடாது.

குடும்பச் சொத்தென்றால் பெண் பிள்ளைகளின் கையெழுத்தைக் கேளுங்கள். பூர்வீகச் சொத்தில் அவர்களுக்குச் சமபங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தது; 2005-ல் நாடு முழுவதற்கும் வந்தது. "தங்கச்சி ஒன்றும் சொல்லாது" என்ற வாய்ப்பேச்சை நம்பி வாங்கினால், பின்னாளில் நீதிமன்றம் ஏறுவது வாங்கியவர்தான்.

பொது அதிகாரப் பத்திரத்தை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு சொத்து நம்முடையது என்று இருந்துவிடக் கூடாது. அதனால் உரிமை மாறாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. புறம்போக்கு, கோயில் நிலம், நீர்நிலை, பஞ்சமி நிலம் ஆகியவற்றின் பக்கமே போகக் கூடாது.

மனைப்பிரிவு என்றால் சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அங்கீகாரம் வேண்டும். அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் வந்த திட்டம் 2016 அக்டோபர் 20-க்கு முந்தையவற்றுக்குத்தான். "பிறகு அப்ரூவல் வந்துவிடும்" என்பவரிடம் "வந்த பிறகு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுக்கு ரெரா பதிவு எண்ணும் வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பது ரெரா சட்டம்.

கடைசியாக, இடத்தை நேரில் பார்க்க வேண்டும். வெயில் நாளில் பந்தல் போட்டுச் சாப்பாடும் போட்டுக் காட்டுவார்கள். மழை நாளில் தனியே போய்ப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளம் சென்னையில் எந்த மனை ஏரியில் இருந்தது என்பதை ஊருக்கே காட்டிக் கொடுத்தது.

தவணை மனையும் கருப்புக் கணக்கும்

இடத்தையே காட்டாமல் மாதத் தவணை வாங்குபவரிடம் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். நிலத்தின் பேரில் நாடெங்கும் பணம் திரட்டிய பி.ஏ.சி.எல். நிறுவனம் 49,100 கோடி ரூபாயைத் திருப்பித் தர வேண்டும் என்று 2014-ல் செபி ஆணையிட்டது. அதில் ஏமாந்தவர்கள் கோடிக்கணக்கான எளிய மக்கள்.

விலையில் பாதியைப் பத்திரத்தில் காட்டி மீதியைப் பையில் கொடுக்கும் பழக்கத்தையும் இளைஞர்கள் தொடர வேண்டாம். 2015 ஜூன் 1 முதல் சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு தண்டம் விதிக்கலாம். கொடுத்தவருக்கும் நிம்மதியில்லை. இன்று குறைத்துக் காட்டியவர், நாளை விற்கும்போது இல்லாத லாபத்துக்கும் சேர்த்து வரி கட்ட வேண்டிவரும். நேர்மையாக எழுதுங்கள். 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தை வீட்டுப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு. இது நேர்வழியில் வரும் மிச்சம்.

சங்கங்கள் செய்ய வேண்டியது

முதல் சொத்து நம் ஊரிலேயே, சைக்கிளில் போய்ப் பார்த்து வரும் தூரத்தில் இருக்கட்டும். கடைக்கு உதவும் கிடங்கு இடமாக அமைந்தால் இன்னும் நல்லது. வாடகை மிச்சம்தான் முதல் வருமானம். இரண்டாவது, மூன்றாவது பிறகு தானாக வரும்.

நம் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். எடைக்கல் முத்திரைக்கும் ஜி.எஸ்.டி. விளக்கத்துக்கும் கூட்டம் போடுகிறோம். ஆண்டுக்கு ஒருமுறை, கடையடைப்பு நாள் மாலையில், ஓய்வுபெற்ற சார்பதிவாளர் ஒருவரையோ சிவில் வழக்கறிஞர் ஒருவரையோ அழைத்து, உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பத்திரமும் வில்லங்கச் சான்றும் படிக்கச் சொல்லிக் கொடுப்போம். இரண்டு மணி நேரம் செலவாகும். ஒரு குடும்பத்தின் ஆயுள் சேமிப்பு தப்பினாலும் அது பெரிய லாபம்தான்.